சட்டியில் இருந்தால்தான் முதுகில் வருமா?

கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் பூண்டு பிடுங்கும் நாட்களில் என் சித்தி காலையில் குனிந்தால் மதியச் சோற்றுக்குத்தான் நிமிர்வார். படிப்படியாக இறங்கும் வயல். ஒவ்வொரு பாத்தியாகப் பிடுங்கி, மண்ணை உதறி, கட்டுக் கட்டி, மூட்டையை ரோட்டுக்கு ஏற்றும் வரை குனிவதும் தூக்குவதும்தான் வேலை. போன அறுவடை சமயத்தில் நான் போயிருந்தபோது இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் கீழே சமவெளியில் பிசியோதெரபி பார்ப்பவன். அதனால் ஊருக்குப் போனால் பையை இறக்கி வைப்பதற்குள் கேள்வி வந்துவிடும்.

"ஏப்பா, இந்த இடுப்பு வலிக்கு என்னதான் சாப்பிடணும்?"

நான் வாயைத் திறக்கும் முன்பே பதில்கள் வந்துவிட்டன. பக்கத்து வீட்டு அக்கா உளுந்தங்களி என்றார். பெரியம்மா, "உருளைக்கிழங்கை நிறுத்து, எல்லாம் வாயுதான்" என்றார். மாமாவுக்கு எதற்கும் ஆட்டுக்கால் சூப்புதான். வயலுக்கு வந்திருந்த ஒருவர், மெடிக்கலில் கால்சியம் மாத்திரை கேட்டு வாங்கினால் சரியாகிவிடும் என்று முடித்துவிட்டார்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். முதுகுக்கும் அது ஓரளவு பொருந்தும். எந்த அளவுக்கு என்று அன்று மாலை சித்திக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

உணவால் ஆகாதது எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020-இல் உலகம் முழுக்க 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. இதில் 100-க்குச் சுமார் 90 பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று விரல் வைத்துக் காட்டும்படி காரணம் எதுவும் கிடைக்காது. தசையோ தசைநாரோ பிடித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் நாம் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். உளுந்தங்களியும் சூப்பும் இப்படிப் புகழ் பெற்றவைதான் என்பது என் சந்தேகம். நேற்று மூட்டை தூக்கும்போது பிடித்துக்கொண்ட முதுகை இன்றைக்குச் சாப்பிடும் எதுவும் விடுவிக்காது.

அப்படியானால் உணவுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது மாதக் கணக்கிலும் வருடக் கணக்கிலும் நடக்கும் வேலை. அது புரிய, முதுகுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

ரோடு போகாத ஊர்

கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன எலும்புகள். கழுத்தின் உச்சியில் உள்ள முதல் இரண்டுக்கு இடையில் தவிர, மற்ற எலும்புகளுக்கு இடையில் ஒவ்வொரு மெத்தை. மொத்தம் 23. இதைத்தான் டாக்டர் டிஸ்க் என்கிறார், ஊரில் ஜவ்வு என்கிறார்கள். வெளியே நார் நாராகச் சுற்றிய வளையம், உள்ளே நுங்கு மாதிரி வழவழவென்று ஒரு பொருள். இளம் வயதில் அந்த நுங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். எலும்புகளுக்குப் பின்னால் ஓடும் குழாய்க்குள் தண்டுவடம், அதிலிருந்து இருபுறமும் பிரியும் நரம்புகள். எல்லாவற்றையும் நிமிர்த்தி நிறுத்த, பந்தல் காலை இழுத்துக் கட்டிய கயிறுகள் போலத் தசைகள்.

இதில் அந்த ஜவ்வுதான் விசித்திரமான ஆள். நம் உடம்பில் ரத்தக் குழாய் இல்லாத மிகப் பெரிய உறுப்பு அதுதான். பிள்ளைப் பருவத்தில் கொஞ்சம் குழாய்கள் இருக்கும், வளர வளர மறைந்துவிடும். அப்புறம் அதற்குச் சாப்பாடு எப்படிப் போகிறது?

வெள்ளகவியை நினைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலுக்குக் கீழே, வட்டக்கானலில் இருந்து காட்டுப் பாதையில் இறங்கிப் போக வேண்டிய ஊர். நெடுங்காலம் ரோடு இல்லாமலே இருந்தது. அரிசியோ சிமெண்டோ வண்டி நிற்கும் இடம் வரைதான் வண்டியில் வந்தது. அங்கிருந்து குதிரை முதுகில், இல்லாவிட்டால் ஆள் தலையில். ஜவ்வுக்கும் அப்படித்தான். ரத்தம் மேலும் கீழும் உள்ள எலும்பின் விளிம்பு வரை வந்து நின்றுவிடும். அங்கிருந்து சர்க்கரையும் ஆக்சிஜனும் மெல்லக் கசிந்து உள்ளே போக வேண்டும். கழிவும் அதே வழியில்தான் வெளியே வர வேண்டும்.

பகலில் நிற்கும்போதும் சுமக்கும்போதும் ஜவ்வு அழுந்தி, அதிலுள்ள நீர் கொஞ்சம் வெளியேறும். இரவில் படுத்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். காலையில் நாம் மாலையை விட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். நம்பிக்கை இல்லாவிட்டால் இன்றைக்கே சுவரில் கோடு போட்டுப் பாருங்கள். எடை இல்லாமல் மிதக்கும் விண்வெளி வீரர்கள் சில சென்டிமீட்டர் வளர்ந்துவிடுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

"நிறையத் தண்ணி குடிச்சா ஜவ்வு ஊறிக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. பஞ்சில் தண்ணீர் ஊற்றுவது போல அது நடக்காது. உள்ளே நீரைப் பிடித்து வைப்பது அந்த நுங்கில் உள்ள புரதமும் சர்க்கரையும் கலந்த மூலக்கூறுகள். வயதாக ஆக அவை குறையும், ஜவ்வு வற்றும். நாலு லிட்டர் குடித்தாலும் வற்றியது திரும்பாது. ஆனால் மலையில் தண்ணீர் குடிக்க வேறு ஒரு நல்ல காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

வெள்ளகவிக்கு அரிசி போய்ச் சேரவில்லை என்றால் முதலில் என்ன பார்ப்போம்? மேலே வண்டி வந்ததா என்றுதான். எலும்பின் விளிம்பு வரை ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்பதுதான் ஜவ்வைப் பொறுத்தவரை உணவின் பெரிய பங்கு. இடுப்பு எலும்புகளுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்து அடைத்தவர்களிடம் ஜவ்வுத் தேய்மானமும் கூடுதலாகக் காணப்படுகிறது. பீடி, சிகரெட் அந்த நுண்குழாய்களைச் சுருக்கும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் ஜவ்வின் நார்களை விறைக்க வைக்கும். ஆகவே முதுகுக்கென்று தனியாக ஒரு உணவு கிடையாது என்பது என் கட்சி. இதயத்துக்கு எது நல்லதோ, சர்க்கரைக்காரருக்கு எது நல்லதோ அதுவேதான் ஜவ்வுக்கும். இது கேட்பவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். சித்தியும் "அவ்வளவுதானா?" என்றார்.

இன்னொன்று. ஸ்கேனில் "ஜவ்வு தேய்ந்திருக்கிறது" என்று எழுதியிருந்தால் உடனே கலங்க வேண்டாம். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளை 2015-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 100-க்கு 37 பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 பேருக்கும் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பது மாதிரிதான். தேய்மானத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் பொடிகளை வாங்கும் முன் இந்த எண்களை நினைத்துக்கொண்டால் பணம் மிஞ்சும்.

கூன் விழுவது வயதால் மட்டுமா?

உணவு நேரடியாகக் கை வைக்கும் இடம் எலும்பு. இங்கேதான் சித்தியை உட்கார வைத்து நிறையப் பேசினேன்.

எங்கள் அப்பத்தா கடைசி காலத்தில் பாதி ஆளாகிவிட்டார். நிமிர்ந்து நடந்தவர், முதுகு வளைந்து, தரையைப் பார்த்தபடியே நடந்தார். "வயசாச்சுல்ல" என்று எல்லோரும் விட்டுவிட்டோம். இன்றைக்கு யோசித்தால் அது எலும்பு மெலிவு நோயாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. எலும்பு உள்ளுக்குள் கறையான் அரித்த மரம் மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் குடத்தைத் தூக்கும்போதோ, பலமாக இருமும்போதோ முள்ளெலும்பு ஒன்று முன்பக்கமாக நசுங்கும். இப்படி நசுங்குபவற்றில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே போய்விடுகின்றன, சாதாரண இடுப்பு வலி என்று தைலம் தேய்த்துவிடுவதால். இரண்டு மூன்று எலும்பு நசுங்கினால் கூன். இளமையில் இருந்த உயரத்தை விட 4 சென்டிமீட்டர் போலக் குறைந்திருந்தால் அது சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

எலும்புச் சேமிப்பு ஏறக்குறைய 30 வயதுக்குள் முடிந்துவிடும். பிறகு செலவுதான். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் வரும் சில வருடங்களில் செலவு மளமளவென்று ஏறும். எனவே கால்சியம் பற்றிய பேச்சு சித்தியை விட அவருடைய மகளுக்குத்தான் அதிகம் தேவை. அவள் அடுப்படியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. இதை வைத்துக்கொண்டு எங்கள் மலைத் தட்டைப் பார்ப்போம். அரிசியில் 100 கிராமுக்குக் கால்சியம் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. உருளைக்கிழங்கிலும் அதே கதை. கேரட்டில் 40 போல. கொடைக்கானல் மலையில் லாரி லாரியாக விளைவதெல்லாம் கண்ணுக்கும் நாக்குக்கும் நல்லவை, எலும்புக்கு அவ்வளவாக உதவாதவை.

அதே 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராமுக்கு மேல். முருங்கைக் கீரையில் 300-க்கு மேல். கொள்ளில் 270 போல. எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். பசும்பால் 100 மில்லியில் 120-ஐ ஒட்டி. ஒரு நாளைக்கு 60 கிராம் ராகி மாவில் இரண்டு அடை, பாலும் தயிரும் சேர்த்து 300 மில்லி, ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை, 2 தேக்கரண்டி எள்ளுப் பொடி. கூட்டிப் பாருங்கள், 850-ஐத் தாண்டும். மீதி பருப்பிலும் காயிலும் வந்துவிடும். மாத்திரை தேவைப்படாது. மலையில் ஒரு தலைமுறைக்கு முன்பு களியும் சாமையும் தின்றார்கள். ரேஷன் அரிசி வந்ததும் களி, சர்க்கரை நோய்க்காரர்களின் பத்தியச் சாப்பாடாகிவிட்டது. அரிசியைக் குறை சொல்லவில்லை. பசியை அடக்கியது அதுதான். ஆனால் களி போன இடத்தில் கால்சியத்துக்கு வேறு எதையும் நாம் வைக்கவில்லை.

அட்டவணையில் இருப்பதெல்லாம் அப்படியே உடம்பில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலில் உள்ள கால்சியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உடலில் சேரும். பாலக் கீரையில் 100-க்கு 5 பங்குதான் சேரும், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. ராகியிலும் பைட்டிக் அமிலம் என்று ஒன்று உண்டு. ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் அல்லது புளிக்க வைத்தால் அது குறையும். பழைய ஆட்கள் ராகிக் கூழை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்ததில் நாக்குக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் லாபம் இருந்திருக்கிறது.

உப்பு பற்றி ஒரு வரி. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடவே வெளியேறும். நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெத்திலிக் கருவாட்டில் முள்ளோடு சேர்த்துத் தின்பதால் நல்ல கால்சியம்தான், ஆனால் உப்பை ஊறவைத்துக் கழுவிவிட்டுச் சமைக்க வேண்டும். கட்டஞ்சாயா, அதாவது பால் விடாத டீ? அது எலும்பைக் கரைக்கும் என்ற பயம் தேவையில்லை. தேநீரில் உள்ள கஃபீன் இழக்க வைக்கும் கால்சியம் கொஞ்சம்தான், இரண்டு தேக்கரண்டி பாலில் ஈடுகட்டிவிடலாம். சோற்றோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்தைத் தடுக்கும், அது வேறு கணக்கு.

வெயிலைத் தேடி

கால்சியம் குடலில் இருந்து ரத்தத்துக்குள் ஏற வைட்டமின் டி வேண்டும். அதில் பெரும்பகுதியைத் தோல்தான் வெயிலில் செய்துகொள்கிறது. உணவில் கிடைப்பது முட்டை மஞ்சள் கரு, மத்தி மாதிரியான கொழுப்பு மீன் என்று கொஞ்சமே. காளானுக்கும் ஒரு வித்தை தெரியும். நறுக்கி வெயிலில் வைத்தால் நம் தோல் போலவே அதுவும் வைட்டமின் டி செய்யும்.

சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899-இல் ஆய்வகம் வைத்த ஊர் கொடைக்கானல். சூரியனில் உள்ள கால்சியத்துக்குரிய ஒளியில் அங்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து படம் எடுத்து வந்திருக்கிறார்கள். நம் எலும்பும் கேட்பது அதே இரண்டைத்தான், கால்சியமும் சூரியனும். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் வலுக்கும். 2100 மீட்டரில் இருக்கும் ஊரில் வெயில் அடித்தால் சமவெளியை விடச் சுள்ளென்று இருப்பது அதனால்தான். சிக்கல் என்னவென்றால் வெயில் தோலில் பட வேண்டும். அக்டோபர் தொடங்கி மழையும் மூட்டமும். குளிருக்கு ஸ்வெட்டர், தலையில் மப்ளர், கையில் உறை. சித்தியாவது வயலில் நிற்கிறார். கடையிலும் விடுதியிலும் நாள் முழுக்க உள்ளேயே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முகம் தவிர எதிலும் வெயில் படுவதில்லை. வெயில் தெளிந்த நாளில் பகல் 11 மணி வாக்கில் கையை முழங்கை வரை திறந்து அரை மணி நேரம் வெளியே இருந்தால் நம் நிறத் தோலுக்குப் போதும்.

வைட்டமின் டி மிகவும் குறைந்தால் பெரியவர்களுக்கு எலும்பு மிருதுவாகி, இடுப்பிலும் தொடையிலும் மந்தமான வலி வரும். எழுந்து நிற்கச் சிரமம், படி ஏறச் சிரமம். அந்த வலி சத்து ஏறினால் தணியும். மற்ற இடுப்பு வலிகளுக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சொல்லும்படி பலன் இல்லை. ஒரு எச்சரிக்கை: 60,000 யூனிட் மாத்திரையும் பொடியும் பொதுவாக வாரத்துக்கு ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதிக் கொடுப்பது. அதைத் தினம் ஒன்று என்று போட்டுக்கொண்டு ரத்தத்தில் கால்சியம் எகிறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாகப் போகிறவர்கள் உண்டு.

சித்தியின் தட்டில் நிஜமாகக் குறைந்தது

சித்தியிடம் ஒரு நாள் சாப்பாட்டைச் சொல்லச் சொன்னேன். காலையில் கட்டஞ்சாயா, ஒரு பன். மதியம் சோறு, ரசம், உருளைக்கிழங்குப் பொரியல். சாயங்காலம் மறுபடி சாயா, வர்க்கி. ராத்திரி மிச்சச் சோறும் குழம்பும். வயிறு நிறைகிறது. ஆனால் புரதத்தைக் கூட்டினால் 30 கிராமைச் சுற்றித்தான் வருகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது கணக்கு. 52 கிலோ சித்திக்கு 43 கிராம். முழுக்கத் தானியத்தை நம்பியிருப்பவர்களுக்குக் கிலோவுக்கு 1 கிராம் வரைகூட வேண்டும், ஏனென்றால் தானியப் புரதம் அவ்வளவு தரமானது இல்லை.

முதுகின் இருபுறமும் ஓடும் தசையும் வயிற்றுத் தசையும்தான் சுமையை வாங்கிக்கொள்கின்றன. அவை தளர்ந்தால் சுமை நேராக எலும்புக்கும் ஜவ்வுக்கும் போகும். 40 வயதுக்கு மேல் தசை தானாகவே குறையத் தொடங்கும். தட்டில் புரதமும் குறைந்தால் இரட்டை நஷ்டம். உளுந்தங்களியின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. 100 கிராம் உளுந்தில் புரதம் 23 கிராம் போல. கால்சியத்துக்கு அது பெரிய ஆள் இல்லை. "இடுப்புக்குப் பலம்" என்ற பாட்டிமார் வாக்கை நான் தசை என்று வாசித்துக்கொள்கிறேன். வெல்லமும் நல்லெண்ணெயும் தாராளமாகப் போகும் என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் பார்த்து.

இதைவிடச் சுலபமான வழி சித்தி வீட்டுச் சாக்கிலேயே இருந்தது. பட்டர் பீன்ஸ். டூரிஸ்ட் வந்து கிலோ கணக்கில் வாங்கிப் போகிறார். விளைவிக்கிறவர் விலை இருக்கும்போது விற்றுவிட்டு ரசம் வைக்கிறார். காய்ந்த கொட்டை 50 கிராமில் புரதம் 10 கிராம் இருக்கும். இரண்டு முட்டை 12 கிராம். சித்திக்குக் குறைவது அவ்வளவுதான். "வித்தா காசுப்பா" என்றார். அதுவும் நியாயம்தான், நான் மேலே பேசவில்லை. தின்றால் மட்டும் தசை வந்துவிடாது, அதற்கான பயிற்சியும் வேண்டும். அதை அடுத்த நாள் செய்து காட்டினேன்.

மாமாவின் ஆட்டுக்கால் சூப்புக்கு வருகிறேன். அதிலுள்ள ஜெலட்டின் நேரே நம் ஜவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது ஆசை. வயிறு அதைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்துத்தான் ரத்தத்துக்குள் விடும். எங்கே போக வேண்டும் என்று முகவரி எழுதி அனுப்ப முடியாது. பனி விழும் இரவில் மிளகு தட்டிப் போட்டுக் குடிக்க அருமையான சூப், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நரம்பு, எடை, மற்றவை

காலில் எறும்பு ஊர்வது போல, மரத்துப்போவது போல இருந்தால் எல்லோரும் டிஸ்க் நரம்பை அழுத்துகிறது என்பார்கள். இருக்கலாம். வைட்டமின் பி12 குறைந்தாலும் அதே போலத் தோன்றும், பெரும்பாலும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி. கவனிக்காமல் விட்டால் தண்டுவடமே பாதிக்கப்படும். பி12 முட்டை, மீன், இறைச்சி, பால், தயிரில்தான் இருக்கிறது. செடியில் இல்லை. சுத்த சைவமாக இருந்து பாலும் குறைவாகக் குடிப்பவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகப் போடுபவர்கள் ஒருமுறை ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது. சோதனையும் எளிது, சரிசெய்வதும் எளிது.

எடை சித்தியின் பிரச்சினை இல்லை, அவர் ஒல்லி. அது வத்தலக்குண்டு மலை ரோட்டில் வேன் ஓட்டும் எங்கள் அண்ணனின் பிரச்சினை. நாள் முழுக்க உட்கார்ந்த இடம், வண்டியின் அதிர்வு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, ராத்திரி பரோட்டா, நடுநடுவே சிகரெட். தொப்பை முன்னால் இழுக்கிறது, இடுப்பு பின்னால் வளைகிறது. போதாததற்கு வயிற்றுக் கொழுப்பு சும்மா இருக்காது. உடம்பு முழுக்க மெல்லிய அழற்சியைத் தூண்டும் பொருட்களை அது ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காய், பருப்பு, மீன், கடலை, பழம் மிகுந்த சாப்பாடு அந்த அழற்சியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. அதனால் முதுகு வலியும் நேராகக் குறையும் என்பதற்கான ஆதாரம் இன்னும் மெலிதுதான். மஞ்சள் பாலுக்கும் இதே தீர்ப்புதான்: மஞ்சளில் இருந்து பிரித்த சாற்று மாத்திரைகளால் முழங்கால் மூட்டுத் தேய்மானத்தில் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது, முதுகில் அந்த அளவுக்கு இல்லை. அண்ணனுக்கு நான் சொன்னது டீயில் சர்க்கரையைப் பாதியாக்கு, சிகரெட்டை விடு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி நட என்பதுதான். மூன்றாவதை மட்டும் ஒப்புக்கொண்டார்.

இப்போது அந்தத் தண்ணீர். குளிரில் தாகம் எடுப்பதில்லை. வயலில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் வேண்டுமென்றே குடிக்காமலும் இருக்கிறார்கள். இதனால் இரண்டு வரும். ஒன்று மலச்சிக்கல். முக்கும்போது ஜவ்வுக்குள் அழுத்தம் ஏறும், ஏற்கெனவே நரம்பு அழுந்தியவர்களுக்கு வலி காலுக்குப் பாயும். பெரியம்மாவின் "வாயு"வில் இவ்வளவு உண்மை இருக்கிறது. உருளைக்கிழங்கின் மேல் குற்றமில்லை, கூட நார்ச்சத்தும் தண்ணீரும் இல்லாததுதான் குற்றம். இரண்டாவது சிறுநீரகக் கல். அதன் வலி விலாவுக்குக் கீழே முதுகில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும். எப்படிப் படுத்தாலும் அடங்காது, அலை அலையாக வரும். தசை வலி என்றால் ஏதாவது ஒரு நிலையில் படுத்தால் கொஞ்சம் தணியும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் தைலத்தோடு நேரத்தைக் கழிக்காமல் இருக்கலாம்.

சாப்பாட்டுப் பேச்சுக்கே இடமில்லாத நேரங்களும் உண்டு. உட்காரும் இடமும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நின்றுவிடுவது, கால் இழுத்துக்கொண்டு வலுவிழப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மலை இறங்கியாவது பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் தூங்க விடாத வலி, வயதானவர் விழுந்த பிறகு வரும் வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் அரிதான விஷயம் இல்லை.

சித்திக்கு இவற்றில் எதுவும் இல்லை. மூட்டையை இரண்டாகப் பிரித்துக் கட்டச் சொன்னேன். மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளையச் சொன்னேன். காலையில் பன்னுக்குப் பதில் ராகி அடை, வாரத்தில் நாலு நாளாவது பீன்ஸ் கொட்டையோ முட்டையோ. வத்தலக்குண்டில் இருந்து ராகி வாங்கி அனுப்புவது என் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் இவ்வளவு நேரமும் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அப்ப பூண்டு? நம்ம மலைப்பூண்டுக்குத்தான் என்னமோ சர்டிபிகேட்டெல்லாம் குடுத்திருக்காங்களே. அதைத் தின்னா இடுப்பு வலி போகாதா?"

அது புவிசார் குறியீடு, 2019-இல் கொடுத்தது, இந்த மலையில் விளைவது என்பதற்கான அடையாளம்தான், முதுகு வலிக்கான மருந்துச் சீட்டு இல்லை என்று சொன்னேன்.

"நல்லதாப் போச்சு" என்றார் சித்தி, துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே. "விதைக்கு வச்சது போக எல்லாத்தையும் வித்துட்டேன்."